தகரப் பெட்டிக்குள் பூர்வீகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (நானுஓயா): பூர்வீகம் "திருச்சி ஜில்லா" என்பது மட்டுமே வீட்டில் தெரிகிறது. பெரிய கங்காணியின் ஊர் துறையூர்ப் பக்கம் என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதால், அதையே சொந்த ஊராகக் கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. மலையகத்தில் குடும்ப வரலாறு எழுத முற்படுவோர் செய்யும் பிழைகளுள் இதுவே மிகப் பெரிது. பெரிய கங்காணி என்பவர் தமிழகம் சென்று ஆள்கட்டி வந்து, அவ்வாட்களின் கடனுக்கும் வேலைக்கும் துரையிடம் பொறுப்பேற்றவர். அவருக்குக் கீழிருந்த சில்லறைக் கங்காணிகள் ஒவ்வொருவரும் தத்தம் உறவினரையும் ஊராரையும் சேர்த்துக்கொண்டு வந்தமையால், ஒரே பெரிய கங்காணியின் கணக்கில் பல தாலுகாக்களைச் சேர்ந்த குடும்பங்கள் நின்றன. இதற்கு மேல் 'துண்டு' என்ற முறையும் இருந்தது. கங்காணியும் அவரது ஆட்களும் பட்ட கடனைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு எனப்பட்டது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை இச்சீட்டைக் கொண்டே ஆட்கள் கடனோடு சேர்த்துத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டனர். ஆதலால் இன்று நினைவில் நிற்கும் கங்காணிதான் முதல் மூதாதையை அழைத்து வந்தவர் என்று கொள்ள ஆதாரம் எதுவும் இல்லை. சில்லறைக் கங்காணியின் பெயரைத் தேடுவதே பயன் தரும்.

"ஜில்லா" என்ற சொல்லையும் இன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாகாது. பெரம்பலூர் 1995இலும் நாமக்கல் 1997இலும் தனி மாவட்டங்களாயின. புதுக்கோட்டையோ 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்தமையால், அங்கிருந்து வந்தவர்களைச் சென்னை மாகாணத்து ஜில்லாப் பதிவுகளில் தேடிக் காலம் கழிப்பது வீண்.

கேள்வி (பொகவந்தலாவை): அமெரிக்காவில் குடியேறிய வெள்ளையர் பலர் தங்கள் குலவரிசையை இங்கிலாந்தின் பழைய பிரபுக்கள், அரசர்கள் வரை கொண்டுசென்று எழுதி வைத்திருக்கிறார்கள். சோழ மன்னர் வழி என்று வழிவழியாகச் சொல்லிவரும் ஒரு தோட்டத்துக் குடும்பமும் அவ்வாறு எழுத முடியாதா?

பதில்: முடியாது. இக்கேள்வி திரும்பத் திரும்ப வருவதால் இம்முறை விரிவாகவே விடை கூற வேண்டியுள்ளது.

இங்கிலாந்தில் அவ்வாறு எழுத முடிவதற்குக் காரணம் அங்கு நிலமும் காகிதமும் பிரியாமல் வந்தமையே. அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றிருந்தவர் இறந்தால், அவருடைய வாரிசு யார், அவ்வாரிசின் வயது என்ன என்று விசாரித்து எழுதும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டு முதல் இருந்தது. தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்ற கட்டளை 1538இல் பிறந்தது. 1530 முதல் 1688 வரை அரச குலமுறைப் பதிவாளர்கள் மாவட்டந்தோறும் சென்று மேட்டுக்குடியினரின் வம்சாவளியைக் கேட்டு எழுதினர். 1634இல் மசாசூசெட்ஸ் சென்றடைந்த ஆன் ஹட்சின்சன் போன்ற ஒருவர் இத்தகைய குடும்பத்திற் பிறந்து, பெற்றோர் இன்னார் என்பது ஆவணத்தால் நிறுவப்பட்டவராக இருப்பதால், அவர் வழியாகப் பின்னோக்கிச் செல்லும் பாதை திறக்கிறது. இப்படிப்பட்டவரை 'வாயில் மூதாதை' என்று குலவரலாற்றாளர் அழைப்பர். எனினும் 1620க்கும் 1640க்கும் இடையில் நியூ இங்கிலாந்து சென்றவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். அமெரிக்கக் குடியேற்றங்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், அரச மரபு மெய்ப்பிக்கப்பட்ட குடியேறிகள் சில நூறு பேரே. மற்றவர்களின் ஆசையைக் காசாக்கிய மோசடிக்காரர்களும் அங்கு உண்டு. 1942இல் இறந்த குஸ்தாவ் அஞ்சூ என்பவர் செல்வந்தர்களுக்குப் பொய்யான வம்சாவளிகளைச் செய்து விற்றதையும், அவற்றைப் பிரித்தெறிய ஆய்வாளர்கள் இன்றும் உழைப்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

சோழர் நிலை வேறு. திருவாலங்காட்டுச் செப்பேடு போன்றவை அரசர் வரிசையைச் சொல்கின்றன. அவையும் சூரியனிலிருந்தே தொடங்குகின்றன. மூன்றாம் இராசேந்திரனின் ஆட்சி 1279இல் முடிகிறது. அந்த ஆண்டுக்கும், 19ஆம் நூற்றாண்டில் பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிக் கண்டிச்சீமைக்கு நடந்த ஓர் உழவருக்கும் இடையே கிடக்கும் ஏறத்தாழ 600 ஆண்டுகளில், தந்தை மகன் என்று தொடர்ச்சியாகப் பெயர் சொல்லும் பதிவு எளிய குடிகளுக்கு இல்லை. அண்மைக் காலத்தில் அச்சிடப்படும் சாதி வரலாற்று நூல்கள் அந்த இடைவெளியை ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுகின்றன. தாண்டிய இடத்தில் சான்று இல்லை. கணக்கும் துணை நிற்காது: இருபதாம் தலைமுறைக்குப் பின்னோக்கிச் சென்றால் ஒருவருக்கு 10,48,576 மூதாதையர் இடங்கள் வருகின்றன, அவற்றுள் ஓரிடத்தில் ஓர் அரசன் இருந்தால் அவனுடைய வேலைக்காரனும் அவனுக்கு நெல் அளந்த குடியானவனும் மற்ற இடங்களில் இருப்பார்கள்.

இங்கு வருத்தத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. 'கூலி' என்ற சொல்லால் இழிவுபடுத்தப்பட்ட பாட்டனாரை வெட்கத்தோடு தாண்டிச் சென்று, பெயர் தெரியாத ஓர் அரசனைப் பற்றிக்கொள்ளும் மனநிலையே இத்தகைய கேள்விகளுக்குப் பின்னால் நிற்கிறது. மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டைக் கடந்து மாத்தளை வரை கால்நடையாக வந்து, வழியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் உடன்வந்தோரைப் பறிகொடுத்து, காடு வெட்டிக் கோப்பியும், கோப்பி நோயால் அழிந்த பின் தேயிலையும் நட்டவரின் பெயரையும் ஊரையும் கண்டறிவது எந்த அரச மரபைக் கண்டறிவதிலும் குறைந்த பணி அன்று. அந்தப் பெயரே தெரியாத வீட்டில் சோழனைத் தேடுவது தவறு.

கேள்வி (மஸ்கெலியா): மரபணுச் சோதனை பூர்வீகக் கிராமத்தைச் சொல்லுமா?

பதில்: சொல்லாது. அதே சோதனையைச் செய்துகொண்ட உறவினர் எவரேனும் இருந்தால் அவரைக் காட்டும். தமிழகக் கிராமங்களில் அத்தகையோர் மிகச் சிலரே.

கேள்வி (தலவாக்கலை): பாட்டி இறந்த பின் அவருடைய தகரப் பெட்டியில் கட்டுக்கட்டாகப் பழைய பிரஜாவுரிமைக் காகிதங்கள் கிடைத்தன. எல்லாருக்கும் அடையாள அட்டை வந்துவிட்ட நிலையில் இவற்றை எரித்துவிடலாமா?

பதில்: ஒரு துண்டுக் காகிதத்தையும் எரிக்கக் கூடாது. மலையகத் தமிழருக்கு அவையே தேவாலயப் பதிவேடும் செப்பேடும் ஆகும்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்த ஒருவரும் தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும் என்றது. லயத்துக் காம்பராவில் பிறந்த ஒரு முதியவர் தம் தந்தையின் பிறப்புக்குப் பத்திரம் காட்ட முடியாத நிலையில், பல இலட்சம் பேர் ஒரே நாளில் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் சட்டமோ 1946 ஜனவரி 1க்கு முன், மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் மணமானவராயின் 7 ஆண்டுகளும் இடைவிடாது வசித்தமையை நிரூபிக்கச் சொன்னது. அதற்காகவே குடும்பங்கள் கிளாக்கரிடம் கெஞ்சிச் செக்ரோல் குறிப்புகளையும், தோட்டப் பாடசாலைச் சான்றுகளையும், சத்தியக் கடதாசிகளையும் சேர்த்தன. செக்ரோல் என்பது தொழிலாளரின் அன்றாடப் 'பேர்' குறிக்கும் சம்பளப் பதிவேடு. வம்சாவளிகள் மறந்துவிடும் பெண்கள் அதில் தம் சொந்தப் பெயரிலேயே இருக்கிறார்கள் என்பதால் தாய்வழியைத் தேடுவோருக்கு அதைப்போன்ற ஆவணம் வேறில்லை. பின்னர் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்த குடும்பங்களின் தாள்களில் கிராமம், தாலுகா, அங்கிருந்த உறவினர் பெயர் ஆகியவை எழுதப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. இந்தியா செல்லாமல் தங்கிவிட்ட குடும்பத்தாரும், கப்பலேறிய பெரியப்பா, சித்தப்பா வீட்டாரிடம் உள்ள பழைய கடவுச்சீட்டைப் பார்க்க வேண்டும். கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களின் வீடுகளில் அவை இன்னும் உள்ளன.

இத்தாள்களைப் படிக்கையில் ஓர் எச்சரிக்கை தேவை. வயதுகள் தோராயமானவை, சட்டம் கேட்டதற்கு இசையப் பிறந்த இடமும் எழுதப்பட்டிருக்கலாம். ஒரு தாளை மற்றொரு தாளோடு ஒப்பிடாமல் எதையும் முடிவாகக் கொள்ளலாகாது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் வேறாகவும் தொழிலாளர் வழங்கும் பெயர் வேறாகவும் இருப்பின், கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்திலுள்ள, தோட்டங்களைப் பட்டியலிடும் பழைய பெர்குசன் டைரக்டரிகளைப் பார்ப்பது உதவும்.

கேள்வி (அக்கரப்பத்தனை): ஒருவர் பணம் கொடுத்தால் ஏழு தலைமுறைக்கு வம்சாவளி எழுதித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: கொடுக்க வேண்டாம்.

கேள்வி (கொட்டகலை): இரண்டு பத்திரங்களில் ராமசாமி என்ற ஒரே பெயர் 1890களிலும் 1940களிலும் வருகிறது. ஒருவரே அவ்வளவு காலம் வேலை செய்திருப்பாரா?

பதில்: அவர்கள் பாட்டனும் பேரனும் ஆவர் என்று எதிர்பார்க்கலாம். பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரை ஒன்றுவிட்ட தலைமுறைக்கு இடும் வழக்கம் தமிழரிடையே பரவலாக இருந்தமையால் ராமசாமி மகன் கறுப்பன், கறுப்பன் மகன் ராமசாமி என்று வரிசை மாறி மாறிச் செல்லும். குடும்பப் பெயர் இல்லாத சமூகத்தில், தந்தையின் பெயரையும் மனைவியின் பெயரையும் சேர்த்துப் பார்க்காமல் ஒற்றைப் பெயரை நம்பி இரண்டு மனிதர்களை ஒருவராக்குவது கவனக்குறைவு.

கேள்வி (டிக்கோயா): பூட்டனார் ஒரு வெள்ளைக்காரத் துரை என்று கேள்வி. அவர் பிரபுக் குடும்பத்தவராக இருக்கலாமா?

பதில்: அவ்வாறு எதிர்பார்க்க வேண்டாம். தோட்டத்துரைகளுள் ஸ்கொட்லாந்தின் நடுத்தர, எளிய குடும்பங்களிலிருந்து வந்தவர் பலர். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் வண்டிச்சக்கரம் செய்யும் தச்சரின் மகன். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தந்தை பெயர் இருந்தால், ஸ்கொட்லாந்தில் 1855 முதலும் இங்கிலாந்தில் 1837 முதலும் உள்ள அரசுப் பதிவுகளில் அவரைத் தேடலாம். நுவரெலியா ஹோலி டிரினிட்டி ஆலயம், டிக்கோயா வார்லி ஆலயம் ஆகியவற்றின் கல்லறைகளையும், இலங்கைக் கல்லறை வாசகங்களைத் தொகுத்துப் பென்றி லூயிஸ் 1913இல் வெளியிட்ட நூலையும் பார்க்க வேண்டும். தந்தை பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால், அங்கு வெட்கப்பட வேண்டியவர் குழந்தையும் அல்லர், தாயும் அல்லர். அத்தகைய குழந்தைகள் பலருக்காகவே 1920களில் நுவரெலியாவில் பெயின்டர் இல்லம் தொடங்கப்பட்டது.

கேள்வி (நோர்வூட்): காகிதம் எதுவுமே இல்லாத குடும்பம் என்ன செய்வது?

பதில்: குலதெய்வத்தின் பெயரைக் கேட்க வேண்டும்; முனியாண்டி, கறுப்பசாமி என்ற பொதுப்பெயரோடு நின்றுவிடாமல், அடைமொழியோடு, எந்த ஆற்றங்கரை, எந்த ஏரிக்கரை, பிடிமண் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். பிடிமண் என்பது பழைய கோயிலின் மண்ணை ஒரு பிடி எடுத்துச் சென்று புதிய இடத்தில் தெய்வத்தை நிலைநிறுத்தும் வழக்கம். குலதெய்வம் பங்காளிகளுக்குப் பொதுவானது. பங்காளிகள் என்போர் ஒரே தந்தைவழியில் வந்தோர். கோயில் தெரிந்துவிட்டால், அவ்வூரில் திருவிழாவுக்குக் குடும்பவாரியாகத் தலைக்கட்டு வரி வாங்குவோரிடம் விசாரிக்கலாம். கண்டிக்குப் போய்த் திரும்பாத வீட்டை நினைவு வைத்திருக்கும் முதியவர் அங்கு கிடைப்பதுண்டு. அடைமொழி அறிந்தவர்கள் மலையகத்தில் இப்போது எண்பது வயதைக் கடந்த அப்பாயிகளும் அம்மாயிகளுமே. அவர்கள் உயிரோடிருக்கும் வீடுகளில் இக்கேள்வி இந்த வாரமே கேட்கப்பட்டு, விடை தேதியோடு எழுதி வைக்கப்பட வேண்டும்.