ஒரு கையால் பந்தெறிந்தவர்



அங்கக் குறையோடு பிறந்த பிள்ளையை, விருந்தாளி வந்தவுடன் உள்ளறைக்கு அனுப்பிவிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. அத்தகைய பெற்றோர் இவ்வாரப் பாடத்தைச் சற்று நிதானமாய் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஜிம் அபட் என்பவர் 1967-ம் ஆண்டு அமெரிக்க தேசத்தில் பிறந்தவர்; மிச்சிகன் மாகாணத்தில், மோட்டார் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன பிளின்ட் நகரில் வளர்ந்தவர். பிறவியிலேயே அவருக்கு வலக்கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. கொக்கி வைத்த செயற்கைக் கையைப் பொருத்திப் பார்த்தார்கள். சிறுவன் அதைச் சீக்கிரமே கழற்றி வைத்துவிட்டான். அவன் ஆசையெல்லாம் பேஸ்பால் ஆட்டத்தின்மேல்.

இவ்வாட்டம் நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம். எறிகிறவர் பந்தைத் தரையில் படவிடாமல் மட்டைக்காரருக்கு எறிவார். எறிந்த மறுநொடியே அவர் பிடிக்கிறவராகவும் மாறவேண்டும். அடிபட்ட பந்து அவர் முகத்துக்கே திரும்பி வரக்கூடும். அதனால் ஒரு கை எறிவதற்கு, மறு கை கனத்த தோலுறைக்கு என்று ஏற்பாடு. இருப்பதோ ஒரே கை என்றால்?

தகப்பனாரும் மகனுமாக ஒரு வழி கண்டார்கள். எறியும்போது உறை வலது முன்கையின் நுனியில் தொங்கும். பந்து விரலைவிட்டுப் போனதும் இடக்கை அதற்குள் நுழைந்துவிடும். பந்தைப் பிடித்தால், உறையை வலக்கைக்கும் மார்புக்கும் நடுவே இடுக்கி, இடக்கையை உருவி, பந்தை எடுத்து மறுபடி எறிய வேண்டும். வாசிக்கவே இவ்வளவு நேரமாகிறது. அவர் அதைக் கண் இமைக்கும் பொழுதில் செய்வார். செங்கற்சுவரில் பந்தை எறிவதும், திரும்பி வருமுன் உறையை மாட்டுவதும், பழகப் பழகச் சுவரை இன்னும் நெருங்கி நிற்பதும்தான் அவருடைய பள்ளிக்கூடம். எதிர்க்கட்சியார் வேண்டுமென்றே பந்தை மெள்ளத் தட்டிவிட்டு அவரை ஓடவைத்துச் சோதித்ததும் உண்டு. அதில் தவறென்ன? ஆட்டத்தில் இரக்கம் காட்டியிருந்தால் அதுவே அவருக்கு அவமானமாயிருக்கும்.

1985-ல் தொழில்முறைக் குழு ஒன்று அழைத்தும் போகாமல், மிச்சிகன் சர்வகலாசாலையில் சேர்ந்தார். முதலாண்டு ஆட்டமொன்றில், பந்து தம்மிடம் திரும்பும் நேரம் பார்த்து மூன்றாம் தளத்திலிருந்தவன் ஓடினான்; உறை மாற்றும் தாமதத்தை நம்பிய ஓட்டம்! அபட் பந்தைப் பிடித்து, எடுத்து எறிந்து, அவனை ஆட்டமிழக்கச் செய்தார். மூன்று ஆண்டுகளில் 26 வெற்றி, 8 தோல்வி. 1987-ல், சிறந்த அமெச்சூர் பேஸ்பால் வீரருக்குரிய தங்க முள் பரிசு அவருக்குக் கிடைத்தது. எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான அவ்வாண்டின் சல்லிவன் பரிசும் அவருக்கே. பேஸ்பால்காரர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. அவ்வருஷமே கியூபா அணியை அதன் சொந்த மண்ணாகிய ஹவானாவில் வென்றார். 1988-ல் சியோல் ஒலிம்பிக்கில், அப்போது காட்சிப்போட்டியாக நடந்த பேஸ்பாலின் இறுதி ஆட்டத்தில், முழுநேரமும் தாமே எறிந்து ஜப்பானை 5-3 என்று தோற்கடித்தார்.

பிறகு தொழில்முறை ஆட்டம். 1993 செப்டம்பர் 4-ந் தேதி, நியூயார்க்கில், கிளீவ்லாந்து அணியாரில் ஒருவருக்கும் முறையான அடி ஒன்றுகூடக் கிட்டாதபடி எறிந்து வென்றார். ஆயினும் 1996-ல் 18 ஆட்டங்களில் தோற்று, இரண்டில் மட்டுமே வென்றார். 1999-ல் ஓய்வு பெற்றபோது கணக்கு 87 வெற்றி, 108 தோல்வி. இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு. அவர் ஒரு மனிதர், அதிசயப் பொம்மையல்ல என்பதால் நான் விடவில்லை.

அந்தத் தோல்வி வருஷங்களிலும், அவர் போன ஊர்களில் கை குறைந்த பிள்ளைகள் அவரைக் காண வந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுவார். கடிதம் எழுதினவர்களுக்குப் பதில் எழுதுவார். அந்தப் பிள்ளைகளை அத்தனை ஜனத்திரளின் நடுவே மைதானத்துக்கு அழைத்து வந்தவர்கள் அவர்களைப் பெற்றவர்களே.