அட்வான்ஸ் கொடுக்கும் முன் கடனை முடிவு செய்யுங்கள்

முதல் வீடு வாங்குவோரில் பலர், வீடு பிடித்துப்போய் கிரய ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸும் கொடுத்த பிறகுதான் வங்கிப் படி ஏறுகிறார்கள். ஒப்பந்தத்தில் எழுதிய கெடு ஓடிக்கொண்டிருக்கும். அந்த அவசரத்தில், முதலில் சரி என்று சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். முதலில் கடன், பிறகு வீடு. வீடு முடிவாகும் முன்பே வருமானத்தைப் பார்த்து முன்அனுமதி தரும் வங்கிகள் பல உண்டு. அதை வாங்கிக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்புங்கள்.

கையில் எவ்வளவு வேண்டும்?

வீட்டின் முழு விலைக்கும் எந்த வங்கியும் கடன் தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்பது உச்சவரம்பு. பத்திரச் செலவைப் பொதுவாக இந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய ஃபிளாட் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சக் கடன் 32 லட்சம். மீதி 8 லட்சம் உங்களுடையது. முத்திரைத்தாள் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்தால் இன்னும் 3.6 லட்சம். பிராசஸிங் கட்டணம், வக்கீல் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம், வங்கிக்காகச் செய்யும் அடமானப் பதிவு எல்லாம் சேர்த்தால் 12 லட்சம் கையில் இல்லாமல் இறங்கக் கூடாது. இதில் விழும் துண்டைப் பெர்சனல் லோன் வாங்கி அடைக்க நினைத்தால் முதல் மாதமே இரண்டு தவணை கட்ட வேண்டிவரும்.

“பத்திரத்தில் 28 லட்சம் காட்டுவோம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள்” என்று விற்பவர் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது சட்டத்துக்கு விரோதம். அதோடு வங்கி அந்த 28 லட்சத்தின் மீதுதான் கடனைக் கணக்கிடும். மீதி 12 லட்சம் முழுவதும் உங்கள் சட்டைப்பையிலிருந்துதான் போக வேண்டும்.

எவ்வளவு தாங்கும்?

வங்கி சொல்லும் தகுதித் தொகை உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்துப் போட்ட கணக்கு. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் பெற்றோரின் மருந்துச் செலவும் அதில் வராது. எல்லாத் தவணைகளும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அதைச் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. 32 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 27,770 ரூபாய். இப்போது 12,000 ரூபாய் வாடகை கொடுக்கிறீர்கள் என்றால், வித்தியாசமான 15,770 ரூபாயை ஆறு மாதம் ஆர்.டி.யில் போட்டு வாருங்கள். சிரமமில்லாமல் போட முடிந்தால் அந்தக் கடன் உங்களுக்குத் தாங்கும். பத்திரச் செலவுக்கும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். இரண்டு மாதத்தில் தடுமாறினால் கடன் தொகையைக் குறையுங்கள்.

வட்டியைப் பேசுவது எப்படி?

ஃபுளோட்டிங் வட்டியில் வங்கிகள் தரும் புதிய வீட்டுக் கடன்கள் 2019 அக்டோபர் 1 முதல் வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்கப்பட்டுள்ளன. பெரும்பாலும் அது ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி. ரெப்போவோடு வங்கி சேர்க்கும் கூடுதல் சதவீதத்துக்கு ஸ்ப்ரெட் என்று பெயர். ரெப்போ எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் நீங்கள் பேரம் பேச வேண்டியது ஸ்ப்ரெட்டில்தான். அரை சதவீதம் குறைந்தால்கூட மேலே சொன்ன கடனில் மொத்தம் 2.4 லட்சம் மிச்சம்.

வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இந்த விதி கிடையாது. அவை தங்கள் சொந்த அளவுகோலை வைத்துக்கொள்கின்றன. வருமானச் சான்று முறையாக இல்லாத சிறு வியாபாரிகளுக்கு அவை கைகொடுக்கும். ஆனால் ரெப்போ குறையும்போது உங்கள் வட்டி எப்போது, எவ்வளவு குறையும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பேரத்துக்குப் பலம் சிபில் ஸ்கோர், அதாவது உங்கள் கடன் வரலாற்றுக்குத் தரும் மதிப்பெண். 750-க்கு மேல் இருந்தால் துணிந்து பேசலாம். ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக முழு அறிக்கை வாங்கலாம். விண்ணப்பிக்கச் சில மாதங்கள் முன்பே வாங்கிப் பாருங்கள். எப்போதோ மூடிய கடன் இன்னும் பாக்கி என்று இருந்தால் திருத்த அவகாசம் கிடைக்கும்.

காலத்தைக் குறையுங்கள்

அதே 32 லட்சத்தை 15 ஆண்டில் கட்டினால் தவணை 31,512 ரூபாய். மாதம் சுமார் 3,750 ரூபாய் கூடுகிறது. மொத்த வட்டியோ 34.6 லட்சத்திலிருந்து 24.7 லட்சமாக இறங்குகிறது. 20 ஆண்டுக்கே எடுத்தாலும் போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டுங்கள். தனிநபர் வீட்டுக் கடன் ஃபுளோட்டிங் வட்டியில் இருந்தால், முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையையும் 2023-ல் ரிசர்வ் வங்கி உங்களுக்குத் தந்திருக்கிறது. வங்கி தானாகக் காலத்தை நீட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன்

கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: சொத்தின் ஆவணக் குறையால் வங்கி கடனை மறுத்தால் அட்வான்ஸ் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி ஆகியவற்றின் நகல்களை ஒப்பந்தத்துக்கு முன்பே உங்கள் சொந்த வக்கீலிடம் காட்டுங்கள். வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் நலனுக்காக. புதுக் கட்டடமானால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணை அதன் இணையதளத்தில் சரிபாருங்கள்.

கடனோடு சேர்த்து ஒரு முறை பிரீமியம் கட்டும் காப்பீட்டை நீட்டுவார்கள். அந்த பிரீமியத்தைக் கடனிலேயே ஏற்றினால் அதற்கும் 20 ஆண்டு வட்டி. காப்பீடு அவசியம்தான், ஆனால் அவர்கள் சொல்லும் பாலிசியையே எடுக்கக் கட்டாயம் இல்லை. தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுங்கள். பாலிசி எடுத்தால்தான் கடன் என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, சொந்த வீடு எங்கும் இல்லையென்றால், பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0-ன் வட்டி மானியம் உங்களுக்குக் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2024 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு புதிய வீட்டுக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கையைத் தருவது கடன் கொடுப்பவரின் கடமை. வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டுச் செலவு விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். குறைந்தது மூன்று இடங்களில் அந்த அறிக்கையை வாங்கி, அந்த எண்ணை ஒப்பிடுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் வட்டியை வைத்து முடிவெடுக்காதீர்கள். அறிக்கையை வீட்டுக்கு எடுத்துவந்து, குடும்பத்தோடு உட்கார்ந்து படித்து, புரியாததைக் கேட்டுத் தெளிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.