கிளவுட்டில் குடியேறும் ஏஜென்ட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் தலைமைக் கடையும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் கிளைகளும் வைத்து நடத்துகிற ஒரு ஜவுளி வியாபாரியின் பில் கணக்கு, சரக்கிருப்பு, அன்றைய வசூல் யாவும் இரவோடிரவாக ஓரிடத்தில் திரண்டு, மறுநாள் கடை திறக்குமுன் அவர் பார்வைக்கு வந்து சேர வேண்டுமானால், அந்தக் காரியத்தை இடைவிடாமல் செய்ய ஒரு நிரல் எங்கேயோ விழித்திருக்க வேண்டும். அதற்கு ஏஜென்ட் என்று பெயர். இன்ஃபர்மேட்டிகாவின் செக்யூர் ஏஜென்ட்டும், மைக்ரோசாஃப்ட்டின் செல்ஃப் ஹோஸ்டட் இன்டக்ரேஷன் ரன்டைமும் இந்த ஜாதியைச் சேர்ந்தவை. கிளவுட்டில் ஒரு வி.எம்., அதாவது மெய்நிகர் கணினி, வாடகைக்கு எடுத்து இதனை அதில் நிறுவுவது சிறிது நேரத்தில் முடிந்துவிடுகிற வேலை என்பது உண்மையே. ஆனால் அந்தச் சுலபமே பல தவறான அபிப்பிராயங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஏஜென்ட்டின் வழியாகப் போவது ஊராரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அவர்கள் வாங்கிய பொருள்களின் விவரமுமாதலால், அந்த அபிப்பிராயங்களைத் திருத்திக்கொள்வது அவசியம் என்று கருதுகிறேன்.

‘கிளவுட்டுக்கு ஊர் ஏது?’ என்பது முதல் நம்பிக்கை. ஊர் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2015ஆம் ஆண்டில் புனே, மும்பை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் தன் அஷ்யூர் ரீஜியன்களைத் திறந்தது. ‘சவுத் இந்தியா’ என்று பட்டியலில் நாம் தேர்ந்தெடுப்பது நம் சென்னையையேதான். அமேசானுக்கு 2016 முதல் மும்பையிலும் 2022 முதல் ஹைதராபாத்திலும் ஸ்தானம் இருக்கிறது. தரவு ஓர் ஊரிலும் ஏஜென்ட் வேறோர் ஊரிலும் இருந்தால், ஒவ்வொரு வரியும் அத்தனை தூரம் போய்த் திரும்பியாக வேண்டும். மாதக் கடைசியில் அந்தப் போக்குவரத்துக்கும் பில் வரும். மேலும், கட்டணப் பரிவர்த்தனைகளின் விவரங்களை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் ஆணையிட்டிருப்பதால், வாடகை சற்றுக் குறைவு என்பதற்காக அந்நிய நாட்டு ரீஜியனைத் தேர்ந்தெடுப்பது வங்கித் தொடர்புள்ள எவருக்கும் விபரீதமாகவே முடியும். ஊர் என்று ஒன்று இருந்தால் அந்த ஊரின் ஆபத்துகளும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில், 1878இல் தோன்றிய ‘தி ஹிந்து’ நாளிதழ் தன் சரித்திரத்திலேயே முதன்முறையாக ஒருநாள் சென்னையில் அச்சேறாமல் போனதற்குக் காரணம், ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாமற்போனதே. இயந்திரம் நலமாயிருந்தும் மனிதன் அதை அணுக முடியாத நிலை ஒன்று உண்டென்பதை அடையாற்றங்கரையில் அந்த வாரத்தைக் கழித்தவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் தீமை மிகுந்தது. ‘வெளியிலிருந்து ஏஜென்ட்டுக்கு உத்தரவு வர வேண்டுமே, ஆகையால் வி.எம்.மின் ஃபயர்வாலில் உள்வரும் போர்ட் ஒன்றைத் திறந்து வைக்கத்தானே வேண்டும்?’ என்று அனுபவமுள்ளவர்களே கேட்கிறார்கள். வேண்டியதில்லை. உத்தரவு ஏஜென்ட்டைத் தேடி வருவதில்லை. ஏஜென்ட்டே 443ஆம் போர்ட் வழியாக வெளியே சென்று, ‘எனக்கு வேலை ஏதேனும் உண்டா?’ என்று ஏஜென்ட் விற்கிற கம்பெனியின் தலைமை நிலையத்தைக் கேட்டு, இருந்தால் வாங்கிவந்து செய்து, முடிவையும் தானே போய்ச் சொல்லுகிறது. உள்ளிருப்பவர் மட்டுமே தாழ்ப்பாளை நீக்கக்கூடிய வீட்டைப் போன்றது அந்த அமைப்பு. நிலைமை இப்படியிருக்க, நிறுவுகிற அன்று வசதிக்காக, தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான 3389ஐயோ 22ஐயோ உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் மூட மறந்துபோகிற வழக்கம் பரவலாக இருக்கிறது. திறந்த போர்ட்டுகளைத் தேடி இணையமெங்கும் ஓயாது சுற்றுகிற நிரல்கள் அந்த மறதிக்காகவே காத்திருக்கின்றன. அந்த வி.எம்.மில் கடையின் எல்லா டேட்டாபேஸுகளுக்கும் வழி இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த அலட்சியத்தை மன்னிக்க மனம் வருவதில்லை.

ஃபயர்வால் விஷயத்தில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது மறுமுனையில் இருக்கிறது. டேட்டாபேஸ் தனக்கு அறிமுகமான ஐ.பி. முகவரியை மட்டுமே உள்ளே விடும். வி.எம்.முக்கு நிலையான பொது முகவரி வாங்காமலிருந்தால், செலவைக் குறைக்க இரவில் அதை நிறுத்திவிட்டுக் காலையில் எழுப்பும்போது முகவரி மாறிவிடக்கூடும். நேற்றுவரை நடந்த வேலை இன்று காரணம் தெரியாமல் நின்றுபோகும்.

நிறுத்துவதிலும் ஒரு மயக்கம் உண்டு. அஷ்யூரில், வி.எம்.முக்குள்ளிருந்து ‘ஷட் டவுன்’ கொடுத்தால் வாடகை நிற்காது. போர்ட்டலிலிருந்து நிறுத்தி, அதற்கு ஒதுக்கிய வன்பொருளை விடுவித்தால்தான் நிற்கும். அப்படி விடுவிக்கும்போது தற்காலிக டிஸ்க்கில் வைத்ததெல்லாம் அழிந்துபோகும் என்பதால், ஏஜென்ட்டை அந்த டிஸ்க்கில் நிறுவலாகாது.

‘நம் தரவெல்லாம் ஏஜென்ட் விற்கிற கம்பெனியின் சர்வருக்குப் போய்விடுகிறது’ என்ற பயமும், அதற்கு நேர்மாறாக ‘ஒன்றுமே போவதில்லை’ என்ற தைரியமும் இரண்டுமே பூரண உண்மையல்ல. வழக்கமான வேலைகளில் தரவு, மூலத்திலிருந்து ஏஜென்ட் வழியாக நேரே இலக்குக்குச் செல்கிறது. தலைமை நிலையத்துக்குப் போவது வேலையின் வரையறை, அட்டவணைகளின் அமைப்பு, வெற்றி தோல்விச் செய்தி ஆகியவையே. ஆனால் தரவைப் பிரௌசரில் முன்னோட்டம் பார்க்கிற வசதியைப் பயன்படுத்தினால் சில வரிகள் வெளியே வந்துதான் ஆக வேண்டும். நிராகரிக்கப்பட்ட வரிகளோ, வாடிக்கையாளரின் பெயரோடும் எண்ணோடும் வி.எம்.மின் டிஸ்க்கிலேயே கோப்பாகத் தங்கியிருக்கக்கூடும். பாதுகாக்க வேண்டிய இடம் நம் கையிலேயே இருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

ஏஜென்ட்டை ரூட் அதிகாரத்தோடு ஓட்டினால் தடங்கல் குறையும் என்பது மற்றொரு எண்ணம். லினக்ஸில் அதற்கென்று தனிப் பயனர் ஒருவரை ஏற்படுத்தி, அவர் பெயரில் ஓட்டுவதே முறை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வி.எம்.மின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது; நமக்கு அது ஐந்தரை மணி பின்தங்கியது. இரவு இரண்டு மணிக்கென்று அந்தக் கடிகாரத்தில் குறித்த வேலை, மாடவீதிகளில் காப்பிக் கடைகள் நிறைந்திருக்கும் காலை ஏழரைக்கே தொடங்கும். கடை திறக்கும்போதும் முடிந்திராது. கடிகாரத்தைத் துல்லியமாக ஒத்திசைத்து வைப்பது சட்டப்பூர்வமான கடமையுமாகும். 2022 ஏப்ரல் 28இல், நாட்டின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த நெறிமுறைகள், இந்த ஒத்திசைவோடு லாக்குகளை 180 நாட்கள் பத்திரப்படுத்தவும், பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கின்றன. ஏஜென்ட்டின் லாக் வி.எம்.மிலேயே கிடந்து வி.எம்.மோடு அழிந்துபோனால், அந்தக் கடமை நிறைவேறாது. ஆகவே லாக்குகளைத் தனிச் சேமிப்பிடம் ஒன்றுக்கு அன்றாடம் நகர்த்திவிட வேண்டும்.

‘இரண்டு ஏஜென்ட் வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை’ என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு இருப்பது நல்லதே. ஒன்று விழுந்தால் புதிய வேலைகளை மற்றது ஏற்கும். ஆனால் முதல் வி.எம்.மின் டிஸ்க்கில் வந்து விழுகிற கோப்பை இரண்டாவது வி.எம். காணாது; ஆகையால் இரண்டுக்கும் பொதுவான சேமிப்பிடம் வேண்டும். டேட்டாபேஸ் டிரைவரும் கோப்புப் பாதையும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். டேட்டாபேஸின் அனுமதிப் பட்டியலில் இரண்டு முகவரிகளும் இடம்பெற வேண்டும். இவையெல்லாம் சரியாயிருக்கின்றனவா என்பதை, தீபாவளிக் கூட்டம் ரங்கநாதன் தெருவை நிறைப்பதற்கு முன்பே, ஏதேனுமொரு சாதாரண வாரநாளில் முதல் ஏஜென்ட்டை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.