உணவுக்குழாய் புற்றுநோய்: பயாப்சி ரிப்போர்ட்டில் என்ன பார்க்க வேண்டும்?



முதலில் இறைச்சியும் பரோட்டாவும் நெஞ்சில் அடைக்கும். பிறகு சோறு. பிறகு கஞ்சியும் இறங்காது. உணவுக்குழாய் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவரும். வீட்டில் யாருக்காவது விழுங்குவதில் சிரமம் நீடித்தால், வாயுத் தொல்லை என்று நாள் கடத்தாமல் எண்டோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். சந்தேகமான இடத்தில் சிறு சதைத் துணுக்குகளை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவார்கள்.

'புற்றுநோய்' என்ற சொல்லைப் பார்த்ததும் ரிப்போர்ட்டை மூடிவிடுகிறோம். சிகிச்சையைத் தீர்மானிக்கும் விவரங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

எந்த வகை?

இதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. இந்தியாவில் அதிகம் காணப்படுவது ஸ்குவாமஸ் வகை. புகையிலை, மது, பாக்கு ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. மற்றது அடினோகார்சினோமா. இது குழாயின் அடிப்பகுதியில், இரைப்பையை ஒட்டி வருவது. நெடுநாள் நெஞ்செரிச்சலும் உடல் பருமனும் இதற்கு வழிவகுக்கும்.

ஏற்பி என்றால் என்ன?

செல்லின் மேற்பரப்பில் உள்ள சில புரதங்கள், வளரச் சொல்லும் செய்தியை உள்ளே கடத்துகின்றன. இவற்றை ஏற்பிகள் என்கிறோம். ஹெர்-2 அவற்றில் ஒன்று. சில அடினோகார்சினோமா கட்டிகளில் இது அளவுக்கு மீறி இருக்கும். கட்டி வேகமாக வளரும். டிராஸ்டுசுமாப் என்ற மருந்து இந்த ஏற்பியைப் பிடித்து அடைக்கிறது.

இரைப்பையிலும், உணவுக்குழாய் அதனுடன் சேரும் இடத்திலும் முற்றிய புற்றுநோய் உள்ளவர்களிடம் நடந்த 'டோகா' ஆய்வின் முடிவு 2010-ல் வெளிவந்தது. பரிசோதித்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு ஹெர்-2 மிகுந்திருந்தது. அவர்களுக்குக் கீமோவுடன் இம்மருந்தும் கொடுத்தபோது சராசரி ஆயுள் சுமார் 11 மாதத்திலிருந்து 14 மாதம் அளவுக்கு உயர்ந்தது. ஹெர்-2 இல்லாதவருக்கு இதைக் கொடுப்பதால் பலனில்லை, பணம்தான் வீணாகும்.

ரிப்போர்ட்டில் 0 அல்லது 1+ என்றால் ஹெர்-2 இல்லை எனப் பொருள். 3+ என்றால் உண்டு. 2+ என்றால் 'ஃபிஷ்' என்ற அடுத்த பரிசோதனை தேவை.

பி.டி.எல்-1 என்பது வேறொரு புரதம். நம் நோய் எதிர்ப்பு செல்கள் கட்டியைத் தாக்காதபடி இது தடுக்கும். இம்யூனோதெரபி பலன் தருமா என்று கணிக்க, இரு வகையிலும் இதைப் பார்ப்பார்கள்.

நோய் பரவாத நிலையில் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ ஆகியவையே முதன்மை. பரவிய நிலையில்தான் இந்தப் பரிசோதனைகள் பெரிதும் உதவும்.

டாக்டரிடம் கேளுங்கள்

1. கட்டி எந்த வகை? பரவியுள்ளதா?
2. ஹெர்-2, பி.டி.எல்-1 பார்க்க வேண்டுமா?
3. பயாப்சி மெழுகுக் கட்டி (பிளாக்) எந்த லேபில் உள்ளது? கோவைக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போகும்போது அதையும் வாங்கிச் சென்றால், பெரும்பாலும் மறுபடி சதை எடுக்க வேண்டியிருக்காது.
4. டிராஸ்டுசுமாப் இதயத்தைப் பாதிக்கலாம். எக்கோ எப்போது எடுக்க வேண்டும்?
5. இந்தியாவிலேயே தயாராகும், விலை குறைந்த டிராஸ்டுசுமாப் கிடைக்குமா?
6. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும்?

கடன் வாங்குமுன், நகையை அடகு வைக்குமுன், இந்த ஆறு கேள்விகளுக்கும் பதில் வாங்கிவிடுங்கள். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.