சிலிண்டர் மாற்றும் முன்

மே மாதக் கடைசி. இடுக்கி மாவட்டம், பீர்மேடு மலை. மழை இறங்கும் நேரம். அதற்குள் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் கிளை கழிக்க வேண்டும்.

மரம் அறுக்கும் தொழிலாளி ஒருவர் மிஷினின் கயிற்றை இழுத்தார். கயிறு லேசாக வந்தது. மிஷின் ஓடவில்லை. அது அவருடைய சொந்த மிஷின். கடன் பட்டு வாங்கியது. மிஷின் நின்றால் கூலியும் நின்றுவிடும்.

மெக்கானிக் சைலன்சரைக் கழற்றினார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். பிஸ்டனில் கோடு கோடாகக் கீறல்.

“சிலிண்டர் செட் மாத்திடலாமா அண்ணே?” என்று தொழிலாளி கேட்டார்.

“மாத்தலாம் தம்பி. போன வருஷம்தானே மாத்தினோம்? அது ஏன் போச்சு? முதல்ல அதைப் பார்ப்போம்.”

இந்த மிஷினில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் பிஸ்டனுக்கு வழுவழுப்புத் தரும். சங்கிலிக்கு ஊற்றும் ஆயில் வேறு. அது எஞ்சினுக்குள் போகாது. பெட்ரோலில் ஆயில் இல்லை என்றால் பிஸ்டன் உரசும். ஆயில் சரியாக இருந்தும், வேறு வழியில் காற்று புகுந்தால் பெட்ரோலும் ஆயிலும் குறையும். எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகும். அப்போதும் பிஸ்டன் உரசும்.

மெக்கானிக் கார்பரேட்டரைக் கழற்றினார். கார்பரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பரில் ஒரு வெடிப்பு. போன வருஷம் சிலிண்டரை மாற்றினார்கள். ரப்பரை யாரும் பார்க்கவில்லை. “அது என் தப்புதான்” என்றார் மெக்கானிக். கிராங்க் சீலையும் சோதித்தார். அது நன்றாக இருந்தது.

சிலிண்டர் அலுமினியத்தால் ஆனது. உள்சுவரில் நிக்கல் பூச்சு இருக்கும். சிலவற்றில் குரோம் பூச்சு. பூச்சு மிகவும் மெல்லியது. ஆகவே பழைய பைக்குகளின் இரும்பு சிலிண்டரைப் போல இதை லேத்தில் கொடுத்து போர் அடிக்க முடியாது. பிஸ்டனின் அலுமினியம் மட்டும் சுவரில் ஒட்டியிருந்தால் அதைச் சுத்தம் செய்துவிடலாம். பிஸ்டனும் ரிங்கும் மாற்றினால் போதும். செலவு குறையும். இந்த மிஷினில் பூச்சே உரிந்துவிட்டது. முழு செட் தேவை.

இருவரும் கடைக்குப் போனார்கள். கம்பெனி சாமான் விலை அதிகம். வேறு கம்பெனிகள் தங்கள் சொந்தப் பெயரில் செய்யும் செட்டும் இருந்தது. அதில் நல்லதும் உண்டு, மட்டமும் உண்டு. மூன்றாவது ஒன்றும் உண்டு: பெரிய கம்பெனியின் பெயரை அச்சடித்த பெட்டி, உள்ளே போலி. அதைத் தொடவே கூடாது. பாதி விலைக்குக் “கம்பெனி சாமான்” கிடைக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டும்.

மிஷினின் மாடல் எண்ணைத் தொழிலாளி தாமே படித்துச் சொன்னார். எண் முக்கியம். ஸ்டில் எம்எஸ் 170, எம்எஸ் 180 என்ற இரண்டு மிஷின்களும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். முதலாவதின் சிலிண்டர் விட்டம் 37 மில்லிமீட்டர். அடுத்ததற்கு 38. ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பிஸ்டனை மாற்றிப் போட்டால் சேராது. பிஸ்டன் பின்னின் தடிமனும் பழையதோடு ஒத்துப் போக வேண்டும்.

மெக்கானிக் புது சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்தார். உள்சுவரில் புள்ளியோ உரிசலோ இல்லை. சுவரில் உள்ள ஓட்டைகளின் ஓரத்தை விரலால் தடவினார். ஓரம் கத்தி போல இருந்தால் ரிங் மாட்டிக்கொண்டு உடையும். முதல் செட்டில் ஓரம் கூராக இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும், பணம் நம்முடையது.

அடுத்த செட்டில் ரிங்கை சிலிண்டருக்குள் நேராகத் தள்ளிப் பார்த்தார். ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே சிறு இடைவெளி தெரிந்தது. இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் ரிங் விரிந்து சுவரைக் கிழிக்கும். அதிகமாக இருந்தால் எஞ்சினுக்கு இழுவை இருக்காது. பெட்டியில் பின், இரண்டு கிளிப், கேஸ்கட் எல்லாம் இருந்தன. பில்லில் மாடல் எண்ணை எழுதச் சொல்லி வாங்கினார்கள்.

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். பழைய கிளிப்பைத் திரும்பப் போடக் கூடாது. அது கழன்றால் புது சிலிண்டரும் போய்விடும். ரப்பரும் புதிதாக மாற்றப்பட்டது.

“முதல் மூணு டாங்க் தீரும்வரை, மரத்தில் வைக்காமல் சும்மா முறுக்காதே தம்பி” என்றார் மெக்கானிக்.

பெட்ரோல் கலவையை மிஷின் புத்தகத்தைப் பார்த்துக் கலக்க வேண்டும். பல மிஷின்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். அதாவது 1 லிட்டருக்கு 20 மில்லி. சில மிஷின்களுக்கு 25-க்கு 1. அதற்கு 40 மில்லி.

தொழிலாளியின் மிஷினுக்கு 50-க்கு 1. அவரிடம் 3 லிட்டர் பெட்ரோல் இருக்கிறது. எத்தனை மில்லி ஆயில் ஊற்ற வேண்டும்? கணக்குப் போட்டு எழுதுங்கள்.