பிளஸ் டூ வரலாறு: வீட்டில் படிக்கச் சில குறிப்புகள்

1. தினசரி காலண்டரில் கிழிக்கும் தாள்களைச் சேர்த்து வையுங்கள். பின்பக்கம் காலியாக இருந்தால், ஒரு தாளில் ஒரு நிகழ்ச்சியை எழுதலாம். வங்கப் பிரிவினை, வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி, அவருடைய கைது, பிரிவினை ரத்து என்று எழுதிக் கலைத்துப் போட்டு, பிள்ளையை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். 1905, 1906, 1908, 1911 என்ற வரிசை தானாக மனத்தில் நிற்கும்.

2. ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்தால் தேர்வறையில் கைவிட்டுவிடும். காரணத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1919-இல் வந்த ரௌலட் சட்டம் விசாரணை இல்லாமலே சிறையில் அடைக்க வழிசெய்தது. அதனால் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஏப்ரல் 13-இல் ஜாலியன் வாலாபாக் படுகொலை. அடுத்த ஆண்டு ஒத்துழையாமை இயக்கம். 1922-இல் சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிக்கப்பட்டதும் காந்தி இயக்கத்தையே நிறுத்திவிட்டார். ஒவ்வொன்றுக்கும் 'ஏன்?' என்று கேட்டுக்கொண்டே போனால் ஐந்து மதிப்பெண் விடை கையில் வந்துவிடும். என்னைக் கேட்டால், வரலாற்றைப் படிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

3. ரஷ்யப் புரட்சி அக்டோபரா, நவம்பரா என்று பிள்ளைகள் குழம்புவார்கள். இரண்டும் சரிதான். 1917-இல் ரஷ்யாவில் இருந்த பழைய நாட்காட்டி 13 நாள் பின்தங்கியிருந்தது. அவர்களுக்கு அக்டோபர் 25, மற்றவர்களுக்கு நவம்பர் 7.

4. இந்திய வரைபடம் ஒன்றைப் படிக்கும் மேஜைக்கு எதிரே ஒட்டுங்கள். 1930 மார்ச் 12-இல் சபர்மதியிலிருந்து புறப்பட்ட காந்தி, ஏப்ரல் 6-இல் தண்டியில் உப்பெடுத்தார். அதே ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். இரண்டு வழிகளையும் பென்சிலால் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள்.

5. விடுமுறையில் ஊர்ப்பக்கம் போனால் வேதாரண்யம் அருகே அகஸ்தியம்பள்ளியில் உள்ள உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூணையோ, ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. நினைவு இல்லத்தையோ காட்டிவிட்டு வாருங்கள்.

6. இரவுச் சாப்பாட்டின்போது அன்று படித்த பாடத்தைப் பாட்டிக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். புத்தகத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாத இடத்தை மறுநாள் மறுபடி படித்தால் போதும்.

7. இது பெற்றோருக்கு. 'மார்க் குறைவு, அதனால்தான் வரலாறு குரூப்' என்று உறவினர் முன்னால் தயவுசெய்து சொல்லாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு அமரும்போது இந்திய தேசிய இயக்கத்தைத்தான் எல்லாரும் திரும்பப் படிக்கிறார்கள். உங்கள் பிள்ளை அதை இப்போதே ஆழமாகப் படிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாடமாவது சேர்ந்து படியுங்கள்.