கூண்டுதான் அதன் உலகம்

ஆய்வு விலங்குகளை வைத்திருக்கும் அனிமல் ஹவுஸில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு, முப்பது வருஷம் இந்தக் கூண்டுகளோடு வாழ்ந்தவன் சொல்வது:

1. காலையில் கதவைத் திறந்ததும் மோந்து பாருங்கள். கண்ணைக் கரிக்கும் நெடி வந்தால், மூத்திரத்திலிருந்து அம்மோனியா கிளம்பிவிட்டது. நின்றுகொண்டிருக்கும் நமக்கே எட்டுகிறது என்றால், உமியில் மூக்கைப் புதைத்துத் தூங்கும் எலியின் மூச்சுக்குழல் என்ன பாடுபடும்! முறைநாளுக்காகக் காத்திருக்காதீர்கள்; ஈரம் தட்டினால் உமியை மாற்றுங்கள். சீடார் போன்ற வாசனை மரச்சீவல் வேண்டாம். அது கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிடும். மருந்துச் சோதனையின் முடிவே தடம் புரளும்.

2. விலங்குப் பரிசோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவின் வழிகாட்டு நெறி, அறையின் வெப்பம் 18 முதல் 29 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம் என்கிறது. மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். நேற்றைய எண்ணை இன்றைக்கும் எழுதுவது பொய்.

3. பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு. இருட்டு நேரத்தில் விளக்கைப் போடாதீர்கள். எலிக்கு அந்த இருட்டுதான் பகல். வெள்ளை எலியின் கண்ணில் நிறமி கிடையாது. மேல்தட்டுக் கூண்டில் விழும் கடும் வெளிச்சம் அதன் விழித்திரையை அழித்துவிடும்.

4. தண்ணீர் பாட்டில் நிறைந்திருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். வேலைக்கு வந்த புதிதில் நான் நம்பினேன். இரண்டு நாள் விடுமுறை முடிந்து வந்தபோது பாட்டில் அப்படியே நிறைந்திருந்தது. குழாயில் காற்று அடைத்திருந்தது. கூண்டில் இரண்டு சுண்டெலிகள் செத்துக் கிடந்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டிலையும் கவிழ்த்துச் சொட்டு விழுகிறதா என்று பார்க்கிறேன். நமக்குத்தான் விடுமுறை, தாகத்துக்குக் கிடையாது.

5. கினிப் பன்றியின் உடம்பு வைட்டமின் சி-யைத் தானாக உண்டாக்காது. தீவனத்தில் சேர்த்த சத்தும் நாள்படக் குறைந்துபோகும். மூட்டையின் தேதியைப் பாருங்கள்.

6. முயலைக் காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். பின்பக்கத்தைத் தாங்காவிட்டால், உதைக்கிற வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். சுண்டெலியை வாலில் தூக்கினால் அது பயந்து ஒடுங்குகிறது. உள்ளங்கையில் ஏந்தினாலோ குழாய்க்குள் நுழையவிட்டு எடுத்தாலோ பயம் குறைகிறது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் 2010-இல் இதை நிரூபித்தார்கள்.

7. உயிருக்குப் பதில் வேறு வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்று விஞ்ஞானிகள் ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் எழுதினார்கள். முதல் இரண்டும் பெரும்பாலும் ஆய்வாளர் கையில். மூன்றாவது தினமும் உங்கள் கையில்.

நமக்காக உயிரைத் தரப்போகும் ஜீவன் அது. இருக்கும் நாள்வரை அதற்கு வலியும் பயமும் தாகமும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிக் கூண்டையும் பார்க்காமல் கதவைச் சாத்தாதீர்கள்.